நான்கு வீதிகளில் ஓர் இசைப் பருவம்

(கடலூரில் இசை அன்பர்கள் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டன் ஈவென்டிம் அப்போலோ அரங்கில் இளையராஜாவின் முதல் சிம்பொனி ‘வேலியண்ட்’ ஒலித்தது. ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழு அதை வாசித்தது. அடுத்த சில வாரங்களுக்கு இந்த வட்டாரத்து டீக்கடைகளிலும் சிம்பொனிதான் பேச்சு. வயலின் எத்தனை, முன்னால் நின்று கோல் அசைப்பவரின் வேலை என்ன, அத்தனை பேரும் எப்படி ஒரே நொடியில் தொடங்குகிறார்கள் என்றெல்லாம் இசையோடு பழக்கமில்லாதவர்கள்கூடக் கேட்டார்கள். நல்ல கேள்விகள். அவற்றுக்கு விடை தேட அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

பலர் கூடி நின்று, ஒருவர் வாசிப்பதை மற்றவர் காது கொடுத்துக் கேட்டு, ஒரே இசையாக எழுப்பும் கலை சிதம்பரத்தின் நான்கு தேர்வீதிகளில் ஆண்டுதோறும் நடக்கிறது. அதுதான் பெரிய மேளம். ஆனியில் தொடங்கி மாசியில் முடியும் பருவம் முழுவதும் அதன் பின்னாலேயே நடந்து கேட்டால் என்ன கிடைக்கும் என்பதே இன்றைய பேச்சு.

சென்னையின் டிசம்பர் பருவத்துக்கு நிகழ்ச்சி நிரல் உண்டு, சபாக்கள் உண்டு, டிக்கெட் உண்டு, மறுநாள் காலை விமர்சனமும் உண்டு. சிதம்பரத்துப் பருவத்துக்குப் பஞ்சாங்கம் மட்டும்தான். ஆனி உத்திரத்தை ஒட்டித் திருமஞ்சனத் திருவிழா பத்து நாள். மார்கழித் திருவாதிரையை ஒட்டி ஆருத்ரா தரிசனத் திருவிழா பத்து நாள். சிவராத்திரியில் நாட்டியாஞ்சலி. அதை ஒட்டி மாசி மகம். அன்றைக்கு இசை வீதியிலிருந்து இறங்கிக் கடற்கரைக்குப் போய்விடும். கடலூர்க்காரர்களுக்கு இதற்கு முன்னுரையாக வைகாசியில் திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயில் பிரம்மோற்சவம் இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. கேட்க வருகிறவர்கள் குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ; காசு கொடுக்காமல் கிடைப்பதை யாரும் இசை நிகழ்ச்சியாக எண்ணிப் பார்ப்பதில்லை.

பெரிய மேளத்தின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு தாளம், ஒரு சுருதி. இதுதான் அடிப்படை. பெரிய திருவிழாக்களில் இரண்டு மூன்று செட்டு சேர்ந்துகொள்ளும். அப்போது தவில் மட்டுமே நான்கு, ஆறு என்று வரிசை கட்டும். சுருதிக்கு முன்பெல்லாம் ஒத்து என்ற நீண்ட குழல் இருந்தது. கன்னத்தில் காற்றை நிரப்பி, மூக்கால் மூச்சிழுத்து, ஒரே சுரத்தை இடைவெளியே இல்லாமல் மணிக்கணக்கில் நிறுத்துவது ஒத்துக்காரரின் வேலை. இன்று அந்த இடத்தில் சுருதிப்பெட்டி வந்துவிட்டது. ஓர் ஆளின் சம்பளம் மிச்சம். ஆனால் நாயனத்தின் நாதத்தோடு அதே வகை நாதம் இழைகிற அழகு போய்விட்டது. பழைய இசைத்தட்டுகளில் அதைக் கேட்டவர்களுக்கு இந்த இழப்பு எவ்வளவு பெரிது என்று தெரியும்.

நாயனம் ஆச்சா மரத்தில் கடையப்படுகிறது. புது மரம் உதவாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற தூணும் உத்தரமும்தான் நல்ல நாயனமாகும். பல பத்தாண்டுகள் காய்ந்த மரத்துக்குத்தான் நாதம் நிற்கும். கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் இருக்கிற நரசிங்கம்பேட்டை இந்தத் தொழிலின் தலைநகர். அந்த ஊர் நாதசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. முன்பு இருந்தது திமிரி: குட்டையானது, கீச்சென்று உயர்ந்த சுருதியில் ஒலிப்பது. இப்போது எங்கும் கேட்பது பாரி நாயனம். நீளம் கூடியது, சுருதி இறங்கியது, குரலுக்கு நெருக்கமானது. இந்த மாற்றத்துக்குப் பின்னால் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் காதும், நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியின் கையும் இருந்தன.

வாயில் வைக்கிற சீவாளிதான் நாயனத்தின் உயிர். ஆற்றங்கரையில் விளையும் கொறுக்கைத் தட்டையைப் பக்குவம் செய்து, மடித்துக் கட்டுகிறார்கள். இரண்டு இதழ்கள் ஒன்றோடொன்று அதிர்ந்து ஒலி பிறக்கிறது. மேற்கத்திய இசைக்குழுவில் இதே தத்துவத்தில் இயங்குவது ஓபோ. அங்கே கச்சேரி தொடங்கும் முன் ஓபோ ஒரு சுரத்தைப் பிடிக்க, மற்ற வாத்தியங்கள் எல்லாம் அதற்குச் சுருதி சேர்த்துக்கொள்கின்றன. சுருதியை ஆளும் பொறுப்பு இரண்டு மரபிலும் இரட்டைச் சீவாளிக் குழலிடமே போய்ச் சேர்ந்திருப்பது கவனிக்க வேண்டிய செய்தி.

பருவம் முழுவதும் கேட்பவருக்கு மட்டுமே புலப்படும் ஒன்று உண்டு. ஆனி மாத வெயிலில் வாசிக்கிற அதே நாயனம் மார்கழிப் பனியில் வேறு குரலில் பேசும். சீவாளி ஈரத்துக்கு ஏற்ப இறுகும், தளரும். நாயனத்தோடு நூலில் தொங்கும் மாற்றுச் சீவாளிகளும் ஊசியும் அலங்காரத்துக்கு அல்ல; பனிக்காலை நான்கு மணிக்குச் சுருதி நழுவும்போது வித்வானின் கை போகிற இடம் அது. தவிலுக்கும் இதே கதைதான். பலா மரத்தைக் குடைந்த உருளையில் இழுத்துக் கட்டிய தோல் ஈரக்காற்றில் தொய்யும். வார் கட்டிய காலத்தில் அதை இழுத்துப் பிடிப்பது பெரும்பாடு. இப்போது இரும்பு வளையமும் நட்டு போல்ட்டும் வந்து வேலை சுலபமாகியிருக்கிறது. தோளில் தொங்குகிற கனம் கூடியிருக்கிறது. அந்தக் கனத்தைச் சுமந்தபடி வலக்கை விரல்களில் கூடு மாட்டி வலந்தலையிலும், இடக்கைக் கழியால் தொப்பியிலும் அடித்துக்கொண்டு நான்கு வீதியும் நடப்பதைப் பார்த்தவர்கள், அடுத்த முறை யாராவது தவிலை வெறும் சத்தம் என்று சொன்னால் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கூட்டு இசைக்குத் தமிழில் இலக்கணமே இல்லை என்று நினைப்பவர்கள் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் படிக்க வேண்டும். மாதவி ஆடும் அரங்கில் வாத்தியங்கள் எந்த முறையில் சேர்கின்றன என்று இளங்கோவடிகள் வரிசையாகச் சொல்கிறார். குழல் முன் செல்கிறது, யாழ் அதைப் பின்பற்றுகிறது, அதன் வழியில் தண்ணுமை, அதன் பின் முழவு, எல்லாவற்றோடும் ஆமந்திரிகை. யார் வழிகாட்டுவது, யார் பின்தொடர்வது என்பது அங்கே தெளிவாக இருக்கிறது. இந்தக் காதையை உயிர்ப்பித்துக் காட்டியவர் சுவாமி விபுலாநந்தர். மட்டக்களப்புப் பக்கத்துக் காரைதீவில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகச் சிதம்பரத்தில் இருந்தவர். அவர் பல்லாண்டு ஆய்ந்து எழுதிய ‘யாழ் நூல்’ 1947-இல் வெளிவந்தது. யாழ் இன்று வீதியில் இல்லை. ஆனால் குழல் முன்னே, தோற்கருவி பின்னே என்ற அந்த ஒழுங்கு கீழவீதியில் இன்றும் நடந்து வருகிறது.

பத்து நாள் திருவிழாவை இசை நிகழ்ச்சியாகக் கேட்பது எப்படி? கொடியேற்றத்தோடு தொடங்கிக் காலையும் இரவும் பஞ்சமூர்த்திகள் வாகனங்களில் வீதியுலா வருகிறார்கள். ஐந்தாம் நாள் இரவு தெருவடைச்சான் சப்பரம். பெயருக்கேற்ற அகலம், அதற்கேற்ற கூட்டம். எட்டாம் நாள் பிட்சாடனர். ஒன்பதாம் நாள் தேர். மற்ற ஊர்களில் உற்சவ மூர்த்திதான் தேரேறும். தில்லையில் மூலவரான நடராசரே சிவகாமசுந்தரியோடு சித்சபையை விட்டு வெளியே வருகிறார். பிள்ளையார், முருகன், நடராசர், அம்மன், சண்டிகேசுவரர் என ஐந்து தேர். அன்றிரவு ஆயிரங்கால் மண்டபம். பத்தாம் நாள் விடியலுக்கு முன் மகாபிஷேகம், பிற்பகலில் தரிசனம். இத்தனைக்கும் இசை உண்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் வேறு வேறு இசை உண்டு.

அவற்றில் தலையாயது மல்லாரி. சாமி புறப்படும்போது முதலில் எழுவது இதுதான். பெரும்பாலும் கம்பீரநாட்டை ராகம்: ஐந்தே சுரம், நெஞ்சை நிமிர்த்துகிற சுரங்கள். முதலில் தவில் தனியாக முழங்கி இடத்தைத் தன் வசமாக்கிக்கொள்ளும். பிறகு நாயனம் நுழையும். தாளத்தின் சட்டத்துக்குள் அதே உரு முதற்காலம், இரண்டாங்காலம், மூன்றாங்காலம் என்று வேகம் மாறி வரும். அபிஷேகத்துக்கு நீர் கொண்டுவரும்போது தீர்த்த மல்லாரி, நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி, தேருக்குத் தேர் மல்லாரி. கோயிலுக்குள் எங்கேயோ ஒரு மூலையில் நிற்பவர்கூட மல்லாரியைக் கேட்டே இப்போது என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். நாள்காட்டியையும் கடிகாரத்தையும் இசையாலேயே அறிவித்த ஏற்பாடு இது. திருவாரூர்க் கோயிலில் எந்த வேளைக்கு எந்த ராகம் என்று வகுத்துக் கொடுத்தவர் முத்துசுவாமி தீட்சிதரின் தந்தை ராமசுவாமி தீட்சிதர் என்பது மரபு. சிதம்பரத்திலும் அர்த்தசாமத்தில் சுவாமியின் திருவடி பள்ளியறைக்குப் போகும்போது கேட்பதை விடியற்காலையில் கேட்க முடியாது.

மல்லாரி முடிந்து சாமி வீதிக்கு வந்ததும் ராகம். இங்கேதான் பெரிய மேளம் மற்ற எல்லாக் குழு இசையிலிருந்தும் விலகித் தனியே நிற்கிறது. ராயல் பில்ஹார்மானிக் கலைஞர் ஒவ்வொருவர் முன்னும் எழுதிய தாள் இருக்கிறது. நாயனக்காரர் முன்னால் வீதிதான் இருக்கிறது. முதல் நாயனம் தோடியில் ஒரு பிடியைப் போட்டு நிறுத்தினால், இரண்டாம் நாயனம் அதை வாங்கி, சற்று மாற்றி, திருப்பிக் கொடுக்க வேண்டும். எங்கே நிறுத்துவார் என்பது முன்கூட்டிப் பேசி வைத்தது கிடையாது. தவில்காரர் இருவரும் ராகத்தின் நடுவே எப்போது மௌனமாக இருப்பது, எப்போது தட்டிக் கொடுப்பது என்று வித்வானின் மூச்சைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். இத்தனையும் நடந்துகொண்டே, கூட்டத்தின் நெரிசலுக்கு நடுவே. ஒருங்கிணைப்பு என்று பார்த்தால் இதைவிடக் கடினமான குழு வாசிப்பு உலகில் அதிகம் இருக்க முடியாது. தாளம் போடுகிற சிறுவனைக் கவனித்துப் பாருங்கள். கோல் பிடித்த கண்டக்டரின் பொறுப்பில் பாதி அவனிடம் இருக்கிறது. அவன் பெயர் எந்த அழைப்பிதழிலும் இருப்பதில்லை.

மண்டகப்படியில் சாமி நிற்கும்போது மேளமும் நிற்கும். கேட்பதற்கு உகந்த நேரம் இதுவே. வித்வான் சாமியைப் பார்த்துத் திரும்பி நின்று கீர்த்தனைகளை வாசிப்பார். சீர்காழி முத்துத்தாண்டவர், பக்கத்துத் தில்லைவிடங்கனில் பிறந்த மாரிமுத்தாப் பிள்ளை, நந்தனார் சரித்திரம் தந்த கோபாலகிருஷ்ண பாரதி ஆகியோர் இந்த நடராசரைப் பாடிய பாடல்களை, அந்த நடராசரே எதிரில் நிற்கும்போது நாயனத்தில் கேட்பது சென்னை சபாவின் குளிரூட்டிய அரங்கில் கிடைக்காத அனுபவம். பாடலின் சொல் தெரிந்தவர்கள் மனத்துக்குள் சொல்லைப் பொருத்திக்கொள்கிறார்கள். தெரியாதவர்களுக்கு ராகம் போதும்.

மார்கழிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. மாணிக்கவாசகர் திருவுருவம் சபைக்கு முன் எழுந்தருள, ஓதுவார் திருவெம்பாவை இருபது பாடல்களையும் பாடுகிறார். திருவாசகத்தை ஆண்டவனே ஏட்டில் எழுதித் தில்லைப் படியில் வைத்துவிட்டுப் போனான் என்பது அந்த ஊரின் நம்பிக்கை. அந்தத் திருவாசகத்தைத்தான் 2005-இல் இளையராஜா புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு பதிவு செய்தார். அதைக் கேட்டுக் கண்ணீர் விட்டவர்கள் இந்த மாவட்டத்திலும் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அவர்களில் ஒரு பங்கினராவது மார்கழி மாலையில் சபைக்கு முன் வந்து உட்கார வேண்டும் என்பது இங்கு பேசுபவரின் ஆசை.

இனி வருத்தமான பகுதி. சாமி புறப்பாட்டின்போது மேளத்துக்கு இருபதடி பின்னால் பேண்டு வாத்தியம். அதற்கும் பின்னால் ஜெனரேட்டர் வண்டியில் ஒலிபெருக்கி. மூன்றும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. ராகத்தின் நுட்பமான இடத்தில் ஒலிபெருக்கியிலிருந்து ஒரு பதிவுப் பாடல் குறுக்கே பாய்கிறது. பல கோயில்களில் பூசை நேரத்துக்கு மேளமே கிடையாது. மோட்டாரில் ஓடும் முரசும் மணியும் சுவரில் மாட்டியிருக்கின்றன. பொத்தானை அழுத்தினால் ஒரே தாளம், ஒரே வேகம், மனித மூச்சே இல்லாத ஓசை. ஒரு வித்வானுக்கு மாதச் சம்பளம் தர இயலாத சின்னக் கோயில்களின் நிலை புரிந்துகொள்ளக் கூடியது. வருமானம் உள்ள கோயில்களும் அதே இயந்திரத்தை வாங்கி மாட்டுவதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

கல்யாண ஊர்வலங்களிலும் கோயில் விழாக்களிலும் கேரளச் செண்டை மேளம் இப்போது நிறையக் கேட்கிறது. அந்தக் கலைஞர்கள் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்களை அழைத்து வருகிறவர்கள் கேரளத்திலிருந்து இன்னொன்றையும் அழைத்து வந்திருக்கலாம்: கேட்கும் பழக்கத்தை. திருச்சூர்ப் பூரத்தில் வடக்குநாதன் கோயிலுக்குள் நடக்கும் இலஞ்சித்தற மேளத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் செண்டை, இலைத்தாளம், கொம்பு, குழல் ஆகியவற்றோடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பாண்டி மேளம் வாசிக்கிறார்கள். சுற்றிலும் ஆயிரக்கணக்கான மக்கள் நின்று கையை உயர்த்தித் தாளம் போடுகிறார்கள். காலம் மாறும் இடம் வரும் முன்பே கூட்டத்துக்கு அது தெரிந்திருக்கிறது. மேளத்தை நடத்தும் ஆசானின் பெயர் வீட்டுக்கு வீடு தெரியும். பெருவனம் குட்டன் மாரார் பல ஆண்டுகள் அந்த இடத்தில் நின்றார். சிதம்பரம் தேரில் வாசித்த நாயன வித்வான்களில் ஐந்து பேர் பெயரை இந்த அவையில் எத்தனை பேரால் சொல்ல முடியும்?

சிதம்பரத்துக்கு இசை வரலாறு இல்லாமல் இல்லை. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் அங்கே இசைக் கல்லூரி கண்டார். டைகர் வரதாச்சாரியார் அதன் முதல்வராக இருந்தார். பின்னர் எம்.எம். தண்டபாணி தேசிகர் இசைத் துறைக்குத் தலைமை ஏற்றார்; 1942-இல் வந்த ஜெமினியின் ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராக நடித்தவர் அவரே. 1941-இல் அண்ணாமலை நகரில் கூடிய மாநாட்டிலிருந்துதான் தமிழிசை இயக்கம் ஊர் ஊராகப் பரவியது. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. கல்கியும் டி.கே.சி.யும் அதற்குத் துணை நின்றார்கள்.

தமிழிசையை ஆதரித்தவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் இடையே நடந்த அந்தப் பெரும் விவாதம் முழுவதும் பாட்டின் மொழியைப் பற்றியது. அது தேவையான போராட்டம். அதன் பயனை இன்றும் மேடைகளில் அனுபவிக்கிறோம். ஆனால் மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது. நாயனத்தில் வாசிக்கும் ரக்தி மேளத்துக்கும் சொல் கிடையாது. எந்த மொழியிலும் அடங்காத, இந்த மண்ணுக்கே உரிய அந்த வாத்திய இசையைப் பற்றி இரு தரப்பும் அதிகம் பேசவில்லை. தமிழிசை என்றால் தமிழ்ப் பாட்டு என்று பொருள் சுருங்கியபோது, பாட்டே இல்லாத நாயனம் கணக்கிலிருந்து நழுவிவிட்டது. எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கணக்கைத் திருத்தும் கடமை மாநாடு நடந்த ஊருக்கே முதலில் உண்டு.

நழுவியதற்குச் சாதியும் ஒரு காரணம் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. நாயனக்காரர் தோளில் துண்டு போட்டுக்கொண்டு வாசிக்கக்கூடாது என்று கல்யாண வீடுகளில் தடுத்த காலம் ஒன்று இருந்தது. சுயமரியாதை இயக்கத்தார் அதை நேருக்கு நேர் எதிர்த்தார்கள். மேடையில் உட்கார்ந்து வாசிக்கும் உரிமையை ராஜரத்தினம் பிள்ளை தன் மேதைமையாலும் பிடிவாதத்தாலும் வென்றெடுத்தார். ஆந்திரத்தில் பிறந்து திருவரங்கத்தில் குடியேறிய ஷேக் சின்ன மௌலானாவுக்கு 1998-இல் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி விருது வழங்கியது. இத்தனை நடந்த பிறகும் பெரும்பாலான சபாக்களில் நாயனத்துக்கு ஒதுக்கப்படும் நேரம் தொடக்க நாள் மங்கல இசைதான். ரசிகர்கள் காபி குடித்துவிட்டு உள்ளே வருவதற்குள் அது முடிந்திருக்கும்.

நாட்டியாஞ்சலியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1981-இல் தொடங்கிய விழா. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் நடனக் கலைஞர்கள் வருகிறார்கள். நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல் என்று உயிருள்ள பக்கவாத்தியக் குழுவோடு ஆடுகிறவர்களின் ஆட்டத்துக்கும், பதிவு செய்த இசைக்கு ஆடுகிறவர்களின் ஆட்டத்துக்கும் உள்ள வேறுபாடு பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இன்னொன்றையும் கவனிக்கலாம். பல நடனக் கலைஞர்கள் இப்போது நிகழ்ச்சியை மல்லாரியில் தொடங்குகிறார்கள். வீதியில் கேட்பாரற்றுப் போகிற மல்லாரிக்கு மேடையில் கைதட்டல் கிடைக்கிறது.

பருவத்தின் உச்சம் எது என்று கேட்டால், இங்கு பேசுபவர் தேரைச் சொல்ல மாட்டார். மாசி மகத்தைச் சொல்வார். கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சுற்று வட்டாரக் கோயில்களின் சாமிகள் தீர்த்தவாரிக்கு ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. ஒவ்வொரு சாமிக்கு முன்னாலும் மேளம். ஒன்று பெரிய மேளம், இன்னொன்று பம்பை, அடுத்தது தப்பு, அப்பால் சிவனடியார் கூட்டத்தின் கயிலாய வாத்தியம்: கொம்பும் திருச்சின்னமும் உடலும் பிரம்மதாளமும். மணலில் நடந்துகொண்டே போனால் ஓர் இசை தேய்ந்து இன்னோர் இசை வளர்கிறது. அலையின் ஓசை எல்லாவற்றுக்கும் அடியில் சுருதியாக நிற்கிறது. யாரும் எழுதி வைக்காத, யாரும் நடத்தாத கூட்டிசை இது. சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளையில் நிகழ்வது இன்னும் ஆழமானது. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பூவராகப் பெருமாள் மாசி மகத் தீர்த்தவாரிக்குக் கிள்ளைக்கு வரும்போது, அங்குள்ள தர்காவில் இஸ்லாமியர்கள் மாலையோடு வரவேற்கிறார்கள். மேளம் தர்காவின் வாசலிலும் ஒலிக்கிறது. சின்ன மௌலானாவின் நாயனத்தைக் கோயில் மதில்களுக்குள் கேட்டு வளர்ந்த தமிழ்நாட்டுக்கு இதில் வியப்பு எதுவும் இருக்க வேண்டியதில்லை.

இரவு மேடைகளையும் மறக்கக்கூடாது. திருவிழா இரவில் ‘ஆர்கெஸ்ட்ரா’ என்றால் இந்த மாவட்டத்து மக்களுக்கு மெல்லிசைக் குழுதான். கீபோர்டு, கிட்டார், தபேலா, டிரம்ஸ், ஆண் குரல், பெண் குரல். எண்ணற்ற கிராமத்து இளைஞர்கள் வாத்தியம் என்ற ஒன்றை முதன்முதலில் அருகில் பார்த்தது இந்த மேடைகளில்தான். இப்போது அங்கும் கரோக்கி வந்துவிட்டது. முன்பு பத்துப் பேர் பிழைத்த மேடையில் ஒரு மடிக்கணினியும் இரண்டு பாடகர்களும் நிற்கிறார்கள். நாயனத்தை மோட்டார் முரசு விழுங்குவதும் தபேலாக்காரரைக் கரோக்கி விழுங்குவதும் ஒரே நோயின் இரண்டு முகங்கள்.

கற்க வழி இருக்கிறது. கடலூரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றை மூன்றாண்டுப் படிப்பாகச் சொல்லித் தருகிறார்கள். 12 வயது முதல் சேரலாம். பரதத்துக்கும் பாட்டுக்கும் பிள்ளைகளைச் சேர்க்கிற பெற்றோர் நாயனத்தையும் தவிலையும் எண்ணிப் பார்ப்பது அரிது. மேளக்காரர் குடும்பத்துப் பிள்ளைகள்தான் அவற்றைப் படிக்க வேண்டும் என்ற பழைய நினைப்பு இன்னும் போகவில்லை. வயலினை எல்லாச் சாதிப் பிள்ளைகளும் எடுத்துக்கொண்டது போல நாயனத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் அதற்கு நாளைய வித்வான்களும் கிடைப்பார்கள், நாளைய ரசிகர்களும் கிடைப்பார்கள்.

விழா நடத்துகிறவர்களிடம் கேட்பது மிகக் கொஞ்சம். அழைப்பிதழில் உபயதாரர் பெயர் அச்சாகும் அதே அளவில் நாயனம், தவில், தாளம் வாசிப்பவர்களின் பெயரும் அச்சாகட்டும். ஒவ்வொரு மண்டகப்படியிலும் மேளம் வாசித்து முடிக்கும் வரை ஒலிபெருக்கியை நிறுத்தி வையுங்கள். சம்பாவனையை விழா முடிந்த அன்றே, அந்தக் கலைஞரின் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

உங்களிடம் கேட்பது இது. வரும் மார்கழியில் தேருக்கு முதல் நாள் இரவே சிதம்பரம் வந்துவிடுங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். விடியலில் கீழவீதித் தேர்நிலைக்குப் போய், மேளத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். மல்லாரி முடியும் வரை கைப்பேசி சட்டைப்பையிலேயே இருக்கட்டும். முடிந்ததும் வாசித்தவரிடம் போய், அவர் பெயரையும் ஊரையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.